சிறு தொகைக்கும் முழுக் கணக்கு

நான் தொழிலால் கணக்காளர். நுழைவுச்சீட்டு வாங்கிப் படம் பார்ப்பதைத் தவிரத் திரைப்படத்தோடு எனக்கு வேறு உறவு இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னைவிட வயதில் இளைய நண்பர் ஒருவர், தம்முடைய முதல் முழுநீளப் படத்தைத் தயாரிப்பாளர் எவருமின்றி, பொதுமக்கள் தரும் சிறு தொகைகளைச் சேர்த்தே எடுப்பதென முடிவு செய்து என்னிடம் வந்தார். "படம் எடுக்க எனக்குத் தெரியும் அக்கா. ஊரார் பணத்துக்குக் கணக்கு வைக்கத்தான் தெரியாது" என்றார். அந்தப் பேச்சில் இருந்த பயம் எனக்குப் பிடித்திருந்தது. பிறர் பணத்தைக் கையில் வாங்குமுன் பயப்படுகிறவரை நம்பலாம் என்று என் தொழில் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அன்று ஒப்புக்கொண்டு, மூன்றாண்டுகள் அந்தக் கணக்கேட்டைப் பராமரித்தேன். அதில் 449 பேர் இருக்கிறார்கள்.

கூட்டுநிதியில் படம் எடுப்பதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் பணத்தைத் திரட்டுவது எப்படி என்றே கேட்கிறார்கள். எங்களுக்குத் திரட்டும் வேலை நாற்பது நாளில் முடிந்தது. கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை அதன் பிறகு இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. அந்த இரண்டாவது பகுதியைப் பற்றி எழுத ஆளில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

இணையம் வந்த பிறகுதான் இந்த வழக்கம் பிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. 1938-இல் வெளியான 'லா மார்செய்யேஸ்' படத்துக்காக இயக்குநர் ழான் ரெனுவார் தரப்பினர் பிரெஞ்சு மக்களிடம் தலைக்கு 2 பிராங்க் சந்தா திரட்டினார்கள். படம் பார்க்க வரும்போது அந்தத் தொகையைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கணக்காளர் கண்ணுக்கு அது நன்கொடையாகத் தெரியாது, முன்கூட்டியே விற்ற நுழைவுச்சீட்டாகவே தெரியும். 1957-இல் அமெரிக்க இயக்குநர் ஜான் கசவெட்டிஸ், நியூயார்க்கில் ஜீன் ஷெப்பர்ட் நடத்திவந்த இரவு நேர வானொலி நிகழ்ச்சியில் பேசும்போது, மனிதர்களைப் பற்றிய படம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு டாலர் அனுப்பலாம் என்றார். நேயர்கள் அனுப்பினார்கள். 'ஷேடோஸ்' என்ற அந்தப் படத்தை முடிக்க அந்தப் பணம் போதவில்லை, தொடங்குவதற்கு உதவியது.

நம்மவர்களுக்கு நெருக்கமான உதாரணம், 1976-இல் வெளிவந்த ஷியாம் பெனகலின் 'மந்தன்'. குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பைச் சேர்ந்த 5 லட்சம் விவசாயிகள் தலைக்கு 2 ரூபாய் கொடுக்க, 10 லட்சம் ரூபாயில் அந்தப் படம் உருவானது. தாங்கள் தயாரித்த படத்தைப் பார்க்க விவசாயிகள் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். 2024-இல் அதன் புதுப்பிக்கப்பட்ட படி கான் திரைவிழாவில் திரையிடப்பட்டபோது, இந்த 2 ரூபாய்க் கதை மறுபடியும் எல்லா இடங்களிலும் எழுதப்பட்டது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எழும்: 5 லட்சம் பேரிடம் தலைக்கு 2 ரூபாய் வசூலிப்பதற்கு ஆகும் செலவு என்ன? வீடு வீடாகப் போய்ப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், வசூலான பணத்தில் பெரும்பகுதி வசூலிப்பதற்கே போயிருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் நாள்தோறும் பால் ஊற்றும் ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்கை எழுத ஆள் இருந்தார், அந்த ஆளின் மேல் நம்பிக்கையும் இருந்தது. அந்தக் கூட்டுறவை வழிநடத்திய வர்கீஸ் குரியனும் அவரோடு உழைத்தவர்களும் பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய அந்த நம்பிக்கையின் மேல்தான் 'மந்தன்' எடுக்கப்பட்டது. இன்று தனி ஆளாகக் கைப்பேசியை வைத்துக்கொண்டு நிதி கேட்கும் இயக்குநர், அந்த 5 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மலைப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட அமைப்பு எதுவும் இல்லாமல் இறங்கியவர் ஜான் ஆப்ரஹாம். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அவர், பிறகு மலையாளத்தில் 'அம்ம அறியான்' படத்தை எடுத்தபோது, ஒடேசா என்ற குழுவைச் சேர்த்துக்கொண்டு கேரளத்தில் ஊர் ஊராகப் போய், மக்களிடம் நேரடியாகக் கையேந்தினார். நல்ல படங்களைத் திரையிட்டுக் காட்டி, அங்கே கூடியவர்கள் கொடுத்ததைச் சேர்த்துக்கொண்டார்கள். 1986-இல் படம் முடிந்ததும் அதே வழியில் ஊர்களுக்கு எடுத்துச் சென்று காட்டினார்கள். கேட்பதற்கு முன்பே ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் இதில் என்னை ஈர்ப்பது. இன்று பரிசு, சலுகை என்று எத்தனையோ பெயர்களில் செய்யப்படும் ஏற்பாடுகளில் எதுவும் அந்த ஒரு மாலை நேரத் திரையிடலுக்கு ஈடாகாது என்று நினைக்கிறேன்.

கன்னடத்தில் பவன் குமார் எடுத்த 'லூசியா' (2013) அடிக்கடி சுட்டப்படும் இன்னொரு படம். 2015-இல் தமிழில் 'எனக்குள் ஒருவன்' என்று மறுஆக்கம் செய்யப்பட்டது. 'லூசியா'வுக்குத் திரண்டது: 110 பேர், 27 நாள்களில், சுமார் 51 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 46 ஆயிரத்துக்கும் மேல் வருகிறது. அது மக்கள் பணம்தான், சந்தேகமில்லை. ஆனால் சிறு தொகை என்று அதைச் சொல்ல முடியாது. 2013-இல் அமெரிக்காவில் 'வெரோனிகா மார்ஸ்' படத்துக்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் 91,585 பேர் கொடுத்தது 57 லட்சம் டாலர். சராசரி ஏறத்தாழ 62 டாலர். அவர்கள் ஏற்கெனவே ஒளிபரப்பாகி நின்றுபோன ஒரு தொடரின் ரசிகர்கள். ஆகவே யாராவது கூட்டுநிதியில் இவ்வளவு திரண்டது என்று ஒரு தொகையைச் சொன்னால், எத்தனை பேரிடமிருந்து, அவர்கள் யார், அவர்களுக்குள் முன்பே என்ன உறவு இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தலைப்புச் செய்தியில் வரும் தொகையை மட்டும் பார்த்து இலக்கு வைத்த சிலர் மனமுடைந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் படம் ஒரே வீட்டுக்குள், ஒரே இரவில் நடக்கும் கதை. பேச்சு குறைவு, ஓசைகள் நிறைய. செலவு குறைவாக இருக்க வேண்டும் என்றே இயக்குநர் அப்படி எழுதியிருந்தார்.

முதலில் நாங்கள் முடிவு செய்தது, வாங்கப்போவது நன்கொடையா, பங்கா என்பதை. இரண்டும் வெவ்வேறு உலகங்கள். 2009-இல் வெளியான 'தி ஏஜ் ஆஃப் ஸ்டுபிட்' படத்துக்காக பிரிட்டிஷ் இயக்குநர் ஃபிரான்னி ஆம்ஸ்ட்ராங் 4,50,000 பவுண்டு திரட்டியது பங்கு முறையில். 223 தனிநபர்களும் குழுக்களும் பங்கு வாங்கினார்கள், வருமானத்தில் அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. ஆனால் பொதுமக்களிடம் பங்கு விற்பது தனிச் சட்டங்களுக்கு உட்பட்டது. அமெரிக்காவிலேயே சிறு முதலீட்டாளர்கள் இப்படி இணையவழிப் பங்கு வாங்குவதற்கான சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு, விதிகள் 2016 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தன. ஒரு சிறு படக்குழு அந்தப் பக்கம் போனால், படம் எடுக்கும் நேரத்தைவிட வழக்கறிஞரோடு உட்காரும் நேரம் அதிகமாகிவிடும். நாங்கள் நன்கொடையைத் தேர்ந்தெடுத்து, வேண்டுகோளின் முதல் பத்தியிலேயே இப்படி எழுதினோம்: "லாபத்தில் பங்கு தர இயலாது. கதையை மாற்றச் சொல்லும் உரிமை கொடுப்பவருக்கு இல்லை. படம் முடிக்கப்படும், ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டப்படும்." மூன்றாவது வாக்கியம் இல்லாமல் முதல் இரண்டைச் சொல்ல யாருக்கும் அருகதை இல்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

இந்தப் பணத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கினோம். இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இயக்குநரின் வீட்டு வாடகையும் படத்தின் பணமும் ஒரே கணக்கில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இலக்குத் தொகையை நிர்ணயிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நாங்களும் தவறினோம். நிதி திரட்டும் தளங்கள் தங்கள் கட்டணமாக ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கிக்ஸ்டார்ட்டர் எடுப்பது 5 சதவீதம், பணப் பரிமாற்றச் செலவு அதற்கு மேல் 3 முதல் 5 சதவீதம் வரை. நன்றிக் கடனாக நாம் அனுப்பும் சுவரொட்டிக்கும் புத்தகத்துக்கும் அச்சுக்கூலி உண்டு, அஞ்சல் செலவு உண்டு. வேண்டுகோளுக்காக எடுக்கும் சிறு காணொளிக்கும் செலவு உண்டு. எங்கள் ஏட்டின்படி 100 வந்த இடத்தில் தளத்துக்கு 5, பரிமாற்றத்துக்கு 3, அன்பளிப்புகளுக்கு 9, காணொளிக்கு 4 போக, படத்துக்கென்று மிஞ்சியது 79. அந்த 9 இன்றும் என்னை உறுத்துகிறது. படத்துக்காகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை அட்டைக் குழாய்களுக்கும் அஞ்சல் வில்லைகளுக்கும் செலவழித்தோம். சுவரொட்டியைக் கேட்டு வாங்கியவர்களில் பலர் அது இல்லாமலும் கொடுத்திருப்பார்கள். இன்னொரு முறை செய்தால், படத்திலிருந்தே பிறக்கும் பொருள்களை மட்டும் தரச் சொல்வேன்: திரைக்கதையின் மின்படி, ரஃப் கட் எனப்படும் முதல்கட்டத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்ட ஒரு காட்சி, படப்பிடிப்பு நாள்குறிப்பு, இயக்குநரோடு ஒரு மணி நேரப் பேச்சு.

இலக்கை எட்டாவிட்டால் எல்லாருடைய பணத்தையும் திருப்பித் தரும் முறையா, வந்தவரை எடுத்துக்கொள்ளும் முறையா என்ற விவாதம் எங்களுக்குள் இரண்டு வாரம் நடந்தது. கிக்ஸ்டார்ட்டர் தொடக்கத்திலிருந்தே முதல் முறையைக் கடைப்பிடிக்கிறது. இண்டிகோகோ போன்ற தளங்கள் இரண்டாவது முறைக்கும் இடம் தந்தன. வந்ததை விடுவானேன் என்று குழுவில் பலரும் நினைத்தார்கள். நான் எதிர்த்தேன். தேவையில் பாதிப் பணத்தை வைத்துக்கொண்டு பாதிப் படம் எடுக்க முடியாது. பாதிப் பணத்தில் படத்தைத் தொடங்குகிறவர், கொடுத்தவர்களுக்குத் தாம் தீர்க்க முடியாத கடனாளியாகிறார். இலக்கை எட்டாமல் பணம் திரும்பிப் போனால், வருத்தம் இருக்கும், உறவு கெடாது.

முதல் வாரத்தில் தொகை வேகமாக ஏறியது. கொடுத்தவர்கள் அனைவரும் எங்களில் யாரோ ஒருவருக்குத் தெரிந்தவர்கள். பிறகு பதினெட்டு நாள் ஏறக்குறைய எதுவும் வரவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கணக்கைத் திறந்து பார்ப்பேன்; அன்றைய பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கும், சில நாள்களில் அதுவும் இருக்காது. பொதுவில் எழுதும் வேண்டுகோள்களைப் பலர் பாராட்டினார்கள், பகிர்ந்தார்கள், ஆனால் கொடுக்கவில்லை. தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கடிதம் எழுதத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. இயக்குநர் ஒரு நாளைக்கு இருபது கடிதம் எழுதினார். எந்தக் கடிதமும் இன்னொன்றின் நகலாக இருக்கக் கூடாது என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட விதி. அந்தத் தேக்க நாள்களில்தான் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இலக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தாம் ஒருவரே தருவதாகவும், தம் உறவுக்காரப் பையனுக்கு ஒரு வேடம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். "வாங்கிக்கலாமா அக்கா?" என்று இயக்குநர் கேட்டபோது, அவர் கண்கள் கலங்கியிருந்தன. நாங்கள் எழுதியிருந்த முதல் பத்தியை அவர் முன் எடுத்து வைத்தேன். அவர் படித்துவிட்டு, மறுத்துச் சொல்ல வெளியே போனார்.

கடைசி ஒன்பது நாள்களில் இலக்கில் பாதிக்குமேல் வந்து சேர்ந்தது. முடிவு தேதி நெருங்கும்போது வேகம் கூடும் என்று முன்பே செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள், ஆனாலும் அதை நம்பி உட்கார்ந்திருப்பது எளிதாக இல்லை.

ஒவ்வொருவரும் பணம் அனுப்பும்போது ஒரு குறிப்பு எழுத இடம் விட்டிருந்தோம். பெரும்பாலோர் வாழ்த்து எழுதினார்கள். 37 பேர் தங்கள் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று எழுதினார்கள். 218-ஆம் வரியில் இருந்த குறிப்பு இது: "நான் கண்பார்வை இல்லாதவன். படங்களைக் கேட்டுத்தான் பார்க்கிறேன். உங்கள் கதையில் ஓசைகள் நிறைய என்று எழுதியிருக்கிறீர்கள். ஒலியை நன்றாகச் செய்யுங்கள்." அவர் அனுப்பியது நாங்கள் வைத்திருந்த குறைந்தபட்சத் தொகை. அந்தக் குறிப்பை ஏட்டின் ஓரத்தில் அப்படியே எழுதி வைத்தேன்.

படப்பிடிப்பு பத்தொன்பது நாள். யூனிட்டில் பதினான்கு பேர். பேட்டா என்ற தினப்படியை அன்றன்றைக்கே கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். கால்ஷீட்டில் ஒரு நாள்கூட வீணாகவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

தவறு ஒலியில் நடந்தது. ஸ்பாட்டிலேயே உரையாடலைப் பதிவு செய்தோம். அந்த வீட்டுச் சமையலறையில் இருந்த குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது ஒலிப்பதிவாளருக்குத் தெரியும். ஆனால் அவசரத்தில் சில நாள் அது ஓடிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரைச்சல் வெவ்வேறாக விழுந்தது. ஒவ்வோர் அறையிலும் எல்லாரும் அசையாமல் நின்று முப்பது விநாடி வெறும் அமைதியைப் பதிவு செய்வார்கள், அதற்கு ரூம் டோன் என்று பெயர். வெட்டி ஒட்டிய இடங்களில் தெரியும் இடைவெளிகளை அதைக் கொண்டுதான் நிரப்புவார்கள். பல அறைகளில் அதையும் எடுக்கவில்லை. எடிட் முடிந்து கேட்டபோது, ஒரு காட்சிக்குள்ளேயே காற்று மாறி மாறி வீசுவதுபோல் இருந்தது. பாதிக்குமேல் டப்பிங் செய்ய வேண்டும், காலடியோசை, கதவு, பாத்திரம், துணி உரசல் எல்லாவற்றையும் ஃபோலியில், அதாவது ஸ்டுடியோவில் கையால் ஓசை எழுப்பிப் பதிவு செய்யும் முறையில், புதிதாக உருவாக்க வேண்டும், பிறகுதான் எல்லா ஒலிகளையும் அளவாகச் சேர்க்கும் மிக்ஸிங். என் பட்ஜெட்டில் இவை அனைத்துக்கும் "ஒலி" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். கையில் மிஞ்சியிருந்தது தேவையில் பாதி. அந்த வரியைப் பிரித்து எழுதாதது என் தவறு. அனுபவமுள்ள ஓர் ஒலி வடிவமைப்பாளரிடம் திரைக்கதையைக் கொடுத்துக் கேட்டிருந்தால், ஒரே நாளில் சொல்லியிருப்பார்.

அதைவிடப் பெரிய தவறை அதன் பிறகு செய்தோம். மாதந்தோறும் எழுதிவந்த கடிதத்தை நிறுத்திவிட்டோம். நல்ல செய்தி வந்ததும் எழுதலாம் என்று ஒரு மாதம் தள்ளினோம். அடுத்த மாதம், போன மாதம் எழுதாததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று தள்ளினோம். இப்படி ஐந்து மாதம் போயிற்று. குழுவில் சிலர், இருக்கிற பணத்துக்கு ஏற்றபடி ஒலியைச் சுருக்கி, இசையைக் கூட்டி, இரைச்சலை மறைத்துப் படத்தை முடித்துவிடலாம் என்றார்கள். அது நடக்கக்கூடிய வழிதான். பார்ப்பவர்களில் பலருக்குத் தெரியாமலும் போயிருக்கும்.

அப்போது 218-ஆம் வரிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. "ஐந்து மாதமாக உங்களிடமிருந்து ஒன்றுமில்லை. பணம் தீர்ந்துவிட்டதா, மனம் தளர்ந்துவிட்டதா? எதுவானாலும் சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது." அவ்வளவுதான். கோபமில்லை; பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அன்றிரவு நானும் இயக்குநரும் உட்கார்ந்து, ஏட்டை முதல் வரியிலிருந்து படித்தோம். குறைந்தபட்சத் தொகை கொடுத்தவரும் தாம் கொடுத்த நாளிலிருந்து இந்தப் படத்தைத் தம் மனத்தில் ஓர் ஓரத்தில் வைத்துக் காத்திருக்கிறார் என்பதை, எண்களையே பார்த்துப் பழகிய நான் அன்றுதான் உணர்ந்தேன். கொடுத்த தொகை சிறியது என்பதால் காத்திருப்பும் சிறியதாகிவிடாது.

மறுநாளே முழுக் கணக்கையும் எல்லாருக்கும் அனுப்பினோம். வரவு, செலவு, கையிருப்பு, ஒலிக்கு எவ்வளவு தேவை, ஏன் தவறினோம், அதில் என் பங்கு என்ன என்பதெல்லாம் எட்டுப் பக்கத்தில் இருந்தன. பணத்தைத் திரும்பப் பெற விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றும் எழுதினோம். இரண்டு பேர் கேட்டார்கள். அன்றே திருப்பி அனுப்பினோம். 451-ஆக இருந்த பட்டியல் 449 ஆனது அப்படித்தான். வேறு பலர் கணக்கைப் பற்றிக் கேள்விகள் கேட்டார்கள், நல்ல கேள்விகள்: டப்பிங்குக்கு நடிகர்களுக்குத் தனிச் சம்பளம் உண்டா, வன்தட்டு ஏன் மூன்று வாங்கினீர்கள், அஞ்சல் செலவு ஏன் இவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் ரசீதோடு பதில் எழுதினேன். மூன்று வன்தட்டுகளில் ஒன்று பழுதானாலும் படம் தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று விளக்கியபோது, கேட்டவர் அதை ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னார். கொடையாளர்களில் ஃபோலி செய்யத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் பதினோர் இரவுகள் கூலி வாங்காமல் வந்து, பழைய செருப்புகளையும் ஒரு மரக்கதவையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டின் ஓசைகளைத் திரும்ப உண்டாக்கினார். ஒலிக்கு மட்டும் என்று தனி இலக்கும் தனிப் பக்கமும் வைத்து இரண்டாவது முறை கேட்டபோது, 449 பேரில் 131 பேர் மறுபடியும் கொடுத்தார்கள். முதல் முறை, என்ன நடக்கும் என்று தெரியாமல் கொடுத்தார்கள். இரண்டாவது முறை எங்கள் தவறு இன்னதென்று தெரிந்தே கொடுத்தார்கள்.

முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுத்தவருக்கு நாங்கள் வாக்களித்திருந்த ஒரே பொது மரியாதை அதுதான். பெயர் வேண்டாம் என்ற 37 பேர் போக, 412 பெயர்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், எழுத்துகள் அதிராமல் நகர வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முழு எண்ணிக்கையில் பிக்ஸல்கள் நகர வேண்டும். நாலு பிக்ஸல் என்று வைத்தால், 1080 பிக்ஸல் உயரமுள்ள திரையில் ஒரு பெயர் அடியிலிருந்து உச்சிக்குப் போக 11 விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட அந்த நேரம் போதும். ஒற்றை வரிசையில் விட்டால் மொத்தம் மூன்றரை நிமிடத்துக்கு அருகில் வந்தது. மூன்று வரிசையாக நெருக்கினால் 69 விநாடிதான், ஆனால் எழுத்து சிறிதாகிப் படிக்க முடியவில்லை. இரண்டு வரிசை, 103 விநாடி என்று முடிவு செய்தோம். தொகையின்படி வரிசைப்படுத்தும் யோசனையை நான் ஏற்கவில்லை, அகர வரிசைதான். தலைப்பெழுத்தை வைத்து அடுக்குவதா, பெயரை வைத்து அடுக்குவதா என்று ஒரு மாலை முழுவதும் பேசி, பெயரை வைத்தே அடுக்கினோம். ஒவ்வொருவருக்கும் எழுதி, தங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். 29 பெயர்களில் திருத்தம் வந்தது. ழகரமும் ளகரமும் மாறியிருந்த ஒரு பெயருக்காக ரோலிங் டைட்டிலை மறுபடியும் ரெண்டர் செய்தோம்.

ஒரு வாக்கை மட்டும் சொன்னபடி காப்பாற்ற முடியவில்லை. படம் முடிந்தவுடன் எல்லாருக்கும் பார்க்கும் இணைப்பை அனுப்புவோம் என்று எழுதியிருந்தோம். ஆனால் திரைவிழாக்கள் பலவும் முதல் திரையிடல் தங்களிடம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. நான்கு மாதம் பொறுக்கச் சொல்லிக் கேட்டோம். இதை முன்பே யோசித்து எழுதியிருக்க வேண்டும்; புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

எல்லாச் செலவும் போக, எதிர்பாராத விதமாகச் சிறு தொகை ஒன்று மிஞ்சியது. யாருடைய பணம் என்று பிரிக்க முடியாத பணம் அது. என்ன செய்யலாம் என்று 449 பேரிடமும் கேட்டோம். அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பலர் எழுதினார்கள். கண்பார்வை இல்லாதவர்களுக்காக, உரையாடலுக்கு இடையே காட்சியைச் சொல்லும் ஒலி விவரிப்பு சேர்க்கலாம் என்ற யோசனையை நான் முன்வைத்தேன். பெரும்பான்மையினர் அதையே ஏற்றார்கள். விவரிப்பை எழுத ஆறு நாள் ஆயிற்று. ஒருவர் கையை நீட்டுகிறார், எடுக்கவில்லை என்பதை, அடுத்த ஓசை வருவதற்குள் இரண்டே விநாடியில் எந்தச் சொற்களால் சொல்வது என்று இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தம் படத்தை அப்போதுதான் முழுமையாகப் பார்த்ததாக அவர் சொன்னார்.

ஸ்டுடியோவுக்குப் பணம் கொடுத்து, ரசீதை ஒட்டி, கணக்கை முடித்துக் கோடு போட்டேன். விவரிப்போடு கூடிய படத்தை 218-ஆம் வரிக்காரருக்கு முதலில் அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. இரண்டு முறை கேட்டதாகவும், படம் தமக்குப் பிடித்திருப்பதாகவும், ஆனால் 42-ஆம் நிமிடத்தில் பின்கதவு மெல்லத் திறக்கும் ஓசையின் மேல் விவரிக்கும் குரல் ஏறிவிட்டதாகவும், அந்தக் கதவை அவர் கேட்டே தெரிந்துகொள்வார், சொல்ல வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தார். ஸ்டுடியோவில் இன்னும் அரை மணி நேரம் எடுத்து, அந்த வாக்கியத்தை நீக்கினோம். கோட்டுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து, தேதியிட்டு, கையெழுத்திட்டேன்.